அசோகர் மரம் நட்டார். தண்ணீர் ஊற்றியது யார்?



போன வாரம் 1996-இல் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் நான்கு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகள் என்று எழுதுகிறேனே தவிர, ஒருவனுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னொருத்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறாள். முப்பதாம் ஆண்டுச் சந்திப்பை மே மாத விடுமுறையில் நம் பள்ளியிலேயே வைக்கிறார்களாம்.

"சார், அன்னைக்கு ஆயிரம் மரக்கன்னு நடப்போறோம். மொதக் கன்னு நீங்கதான் நடணும். நாங்க உக்காந்து படிச்சோமே, அந்த வேப்பமரம் மாதிரி ஆயிரம் மரம் சார்!"

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. அவர்கள் முகம் வாடிவிட்டது. டீ ஆறிப்போகும் வரை ஏதேதோ சொன்னேன். சரியாகச் சொல்ல வரவில்லை. வரலாற்று வாத்தியாருக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அசோகரிலிருந்து ஆரம்பிக்கிறேன். சிரிக்காதீர்கள். அசோகரைப் பற்றிக் கேட்டால் நீங்கள் எல்லோரும் எழுதிய பதில் ஒன்றுதான்: "சாலையின் இருபுறமும் மரங்களை நட்டார்." தாளில் வேறு எதுவுமே எழுதாதவன்கூட அதை மட்டும் எழுதியிருப்பான். நானும் சிவப்பு மையில் ஒரு 'சரி' போட்டு மதிப்பெண் கொடுத்துவிடுவேன். முப்பத்து மூன்று வருடம் அப்படித்தான் போட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அசோகரின் கல்வெட்டுகளை மொழிபெயர்ப்பில் முழுவதுமாக வாசித்தேன். டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிற தோப்ரா தூணில்தான் அந்த மரச் செய்தி விரிவாக இருக்கிறது. ஏழாம் தூண் கல்வெட்டு என்பார்கள். மனிதருக்கும் விலங்குக்கும் நிழல் தர ஆலமரங்கள் நட்டதையும் மாந்தோப்புகள் வைத்ததையும் சொல்லிவிட்டு, அதோடு சேர்த்தே வழியில் இத்தனை தூரத்துக்கு ஒரு கிணறு, தங்குமிடம், ஆங்காங்கே தண்ணீர் குடிக்க இடம் என்று அடுக்கிக்கொண்டு போகிறது. இரண்டாம் பாறைக் கல்வெட்டிலும் கிணறும் மரமும் சேர்ந்தேதான் வருகின்றன. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று நம் தெற்கத்திப் பெயர்கள் வருவதும் அந்தக் கல்வெட்டில்தான்.

மரத்தை மனப்பாடம் செய்தோம், கிணற்றை விட்டுவிட்டோம். நானும் பாதிப் பதிலுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகள் தென் மாவட்டங்களில் இன்றும் 'மங்கம்மாள் சாலை' என்றே பேர் சொல்லி நிற்கின்றன. அங்கும் சாலை, மரம், கிணறு, சத்திரம், தண்ணீர்ப்பந்தல் எல்லாம் ஒரே ஏற்பாடு. மாட்டு வண்டிக்காரன் மாட்டை அவிழ்த்து விடுவது மர நிழலில். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது பக்கத்துக் கிணற்றில். அந்தக் கிணறு இருந்ததால் அந்த மரம் பிழைத்தது.

பிற்காலத்துப் புளிய மரங்களை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அடிமரத்தில் சுண்ணாம்புப் பட்டை, அதில் கறுப்பில் ஒரு நம்பர். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் வருடா வருடம் புளி மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் மரத்தைக் காவல் காப்பார். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கணக்கும் கேள்வி கேட்க ஓர் ஆளும் இருந்தது. மதுரை–கன்னியாகுமரி நான்கு வழிச்சாலை வந்தபோது அந்த வரிசைகள் போயின. சாத்தூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முன்பு வெயிலும் நிழலும் மாறி மாறி முகத்தில் அடிக்கும். இன்று நடுவில் அரளிப் பூதான். சாலை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று கணக்குச் சொல்லும்போது, அந்தப் பத்துக்கும் தண்ணீர்க் கணக்கு எங்கே என்று கேட்க வேண்டும்.

அடுத்து சீமைக் கருவேலம். நம் ஊரில் இதைப் பற்றி ஒரு கதை உண்டு: காமராஜர் ஹெலிகாப்டரில் விதை தூவச் சொன்னார் என்று. வகுப்பிலேயே பலமுறை இதை மறுத்திருக்கிறேன், ஆனாலும் வாட்ஸப்பில் மறுபடி மறுபடி வருகிறது. இந்த மரத்தின் விதை ஜமைக்காவிலிருந்து 1877-இல் இந்தியாவுக்கு வந்தது. சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி வறண்ட நிலங்களுக்காகக் கேட்டு வாங்கினார். காமராஜர் பிறந்தது 1903-இல். அவர் பிறப்பதற்கு 26 வருடம் முன்பே விதை வந்துவிட்டது. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் பிற்பாடு அரசே இதைப் பரப்பியது உண்மைதான். விறகுக்கும் வேலிக்கும் வேறு வழியில்லாத காலம் அது.

அது வந்த காலத்தையும் கவனியுங்கள். மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876-இல் திறக்கப்பட்டது. விருதுபட்டி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. என்ஜினுக்கு விறகு, ஊருக்கு விறகு என்று எல்லாவற்றுக்கும் மரம் வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில்தான் தாது வருடப் பஞ்சமும் நம்மைத் தின்றது. தண்ணீர் ஊற்றாமல், காவல் இல்லாமல், ஆடு தின்னாமல் தானாக வளரும் ஒரு மரம் வேண்டும் என்று கேட்டார்கள், கிடைத்தது. கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றிலும் அதுவே நின்றது. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற ஏழைகளுக்குச் சோறும் அதுதான் போட்டது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் பராமரிப்பே இல்லாத மரம் வேண்டும் என்று கேட்ட தலைமுறைக்குக் கிடைத்தது முள்தான்.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி ஊர் ஊராக அதை வெட்டியது நினைவிருக்கும். அந்த வருடமே அதற்கு இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டிய இடங்களில் வேறு மரம் வைத்துத் தண்ணீர் ஊற்றாத பக்கமெல்லாம் அடிக்கட்டை மறுபடி துளிர்த்துவிட்டது.

இப்போது என் சொந்தத் தப்புக்கு வருகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1950-இல் மத்திய உணவு, வேளாண்மை அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 'வன மகோத்சவம்' என்ற மரம் நடு விழாவைத் தொடங்கினார். ஜூலை முதல் வாரம். வடக்கே அது சரியான காலம்; தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற நேரம். நமக்கு? நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 800 மி.மீ. மழை. அதில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடுகிறது. ஜூலையில் நம் ஊரில் அம்மியும் பறக்கிற ஆடிக் காற்று. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்பு விரியும்போது கன்றின் சல்லி வேர் அறுந்துவிடும்.

நாம் மரம் நடுகிற நாட்களை எண்ணிப் பாருங்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம். ஜூலை முதல் வாரம் வன மகோத்சவம். ஜூலை 15 காமராஜர் பிறந்த நாள். ஜூலை 27 கலாம் அய்யா நினைவு நாள். ஆகஸ்ட் 15. எல்லாம் மழைக்கு முந்தின நாட்கள். உங்கள் சந்திப்பு மே மாதம்; அது அக்கினி நட்சத்திரம்!

1987 ஜூலையில் நம் பள்ளியில் நான் பொறுப்பேற்று 120 கன்று நட்டேன். அப்போது ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் நடந்துகொண்டிருந்த காலம். கண்மாய்க்குள் எல்லாம் கருவேலங்கன்று வைத்தார்கள், நாற்றுப் பண்ணையில் கன்றுக்குப் பஞ்சமே இல்லை. ஜீப்பில் வந்து பெரிய மனிதர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். போட்டோ எடுத்தோம். மறுநாள் பேப்பரில் என் பேர் தப்பில்லாமல் வந்திருந்தது. அதை வெட்டி வைத்துக்கொண்டேன்.

அடுத்த பொங்கலுக்குள் 117 கன்று செத்துவிட்டன. மூன்று பிழைத்தன. இரண்டு வேம்பு, ஒரு புங்கை.

அந்த மூன்றும் ஏன் பிழைத்தன என்று அப்போது நான் யோசிக்கவில்லை. 'மண் நல்ல மண் போல' என்று விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து, சத்துணவு ஆயாவாக இருந்த ஒரு அம்மா ஓய்வு பெறுகிற நாளில் பேச்சுவாக்கில் சொன்னார்: "சார்வாள், அந்த மூணு மரமும் நம்ம பிள்ளைக தட்டு கழுவுன தண்ணியில வளந்தது."

அதுதான் விஷயம். அடிகுழாய்ப் பக்கம் மதியம் சாப்பிட்ட நூற்றைம்பது பிள்ளைகள் தட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் சின்ன வாய்க்காலாக ஓடி அந்த மூன்று கன்றின் தூரில் நிற்கும். லீவு நாட்களில் அந்த அம்மாவே குழம்புச் சட்டி கழுவிய தண்ணீரை அங்கே கொண்டுபோய் ஊற்றியிருக்கிறார். என் பேர் பேப்பரில் வந்தது. அவர் பேரை யாரும் எழுதவில்லை. 1996 பேட்ச் பிள்ளைகளே, நீங்கள் படித்த வேப்பமரம் நான் நட்டதுதான். வளர்த்தது நான் இல்லை.

சிவகாசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் மூன்றில் ஒன்றில் இருப்பீர்கள். 1922-இல் அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்தத் தொழில் இங்கே நிலைத்ததற்கு ஒரு காரணம் நம் வறட்சி. விவசாயம் கைவிட்ட ஊரில் வேலைக்கு ஆள் இருந்தது; காயப்போட வெயில் இருந்தது. ஒரு வேடிக்கை, குச்சிக்கு வேண்டிய மரம் கேரளத்திலிருந்து லாரி லாரியாக வந்தது. நிழலுக்கு மரம் இல்லாத ஊருக்கு தினமும் மரம் வந்து இறங்கி, குச்சியாகி, வேறு ஊருக்குப் போனது.

பட்டாசு ஊரில் மழையும் ஒரு சங்கடம். மழை வந்தால் காயப்போட முடியாது, வேலை இல்லை, கூலி இல்லை. வானம் பார்த்த பூமியில் சம்சாரி மழை வா என்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரர் தீபாவளி முடிகிற வரை வராதே என்று கேட்பார்.

என் பழைய மாணவி ஒருத்தி பட்டாசு ஆலையில் இருபது வருடமாக வேலை பார்க்கிறாள். ஒருநாள் அவளிடம், "உங்க ஆலைக்குள்ள வேப்பமரம் இருக்கேம்மா, அதுவாவது நிழல் தருதே" என்றேன். "மரத்தடியில உக்காந்து வேலை பாத்தா லைசென்ஸ் போயிரும் சார். ரூமுக்குள்ளதான் பாக்கணும்" என்றாள். விதி அப்படித்தான். ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான், அறைக்கு வெளியே தயாரிக்கவே கூடாது. அந்த விதிகள் காரணமில்லாமல் வரவில்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நம்மில் யாரும் மறக்கவில்லை. விதியை மீறி மரத்தடியில் பட்டாசு செய்ததாக இன்றும் ஆலைகள் மீது நடவடிக்கை செய்தி வருகிறது. நான் மீறலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஒருவரை மரத்தடிக்கு இழுக்கிற வெயில் எப்படிப்பட்டது என்று நினைத்துப் பாருங்கள்.

அவள் அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குள் நின்றுவிட்டது: "பகல்ல எங்களுக்கு நிழல் இல்லேன்னா போகுது சார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தெருவுலயாவது ஒரு மரம் இருக்கணும்ல?"

அவள் குடியிருப்பதும் எங்கள் பகுதியில்தான். அங்கே பிளாட் போட்டபோது பூங்காவுக்கென்று விட்ட இடம் ஒன்று உண்டு. வரைபடத்தில் பச்சை நிறம்; நேரில் முள்ளும் பாட்டில் ஓடும். 2017-இல் முள் வெட்டிய கையோடு நாங்கள் எட்டுப் பேர் அந்த இடத்தை எடுத்துச் சுத்தம் செய்தோம். ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேர், அச்சகத்தில் வேலை பார்க்கும் தம்பிகள் இரண்டு பேர், ஒரு தையல்காரர், தண்ணி வண்டி ஓட்டுகிற என் மாணவன், பிறகு இந்த மாணவி. பேர், போர்டு, பேனர் எதுவும் கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு மண்வெட்டியோடு வர வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வருடம் மறுபடியும் தப்பு செய்தேன். ஆர்வத்தில் 100 கன்று வைத்தேன். கோடை வந்தது, எட்டுப் பேரால் 100 கன்றுக்குத் தண்ணீர் சுமக்க முடியவில்லை. 31 மிஞ்சியது. அந்தச் சித்திரையில்தான் தண்ணி வண்டி மாணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், கோவிச்சுக்காதீங்க. எத்தனை நட முடியும்னு கணக்குப் போடுறீங்க. எத்தனைக்கு ஊத்த முடியும்னு போடுங்களேன்." கடைசி பெஞ்ச் பையன். கணக்கில் ஒருநாளும் பாஸ் ஆனவன் இல்லை.

அவன் சொன்னபடி போட்டோம். ஒரு கன்றுக்கு வாரம் ஒருமுறை 20 லிட்டர். சித்திரை, வைகாசியில் வாரம் இருமுறை. 50 கன்று என்றால் ஒரு தடவைக்கு ஆயிரம் லிட்டர். மழை நின்ற தை முதல் அடுத்த ஐப்பசி வரை. அப்படி மூன்று கோடை. அதன்பிறகு வேம்பும் புங்கையும் பூவரசும் தாமே பிழைத்துக்கொள்ளும். குழி வெட்டுவது மே மாதம். கரிசலை அள்ளிவிட்டுச் செம்மண்ணும் மக்கிய எருவும் போட்டு ஆறவிடுவோம். கன்று வைப்பது ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்த பிறகு. ஆடு கடிக்காமல் சுற்றி அடைப்பது சீமைக் கருவேல முள்தான். அதற்கும் ஒரு வேலை கொடுத்துவிட்டோம்.

தண்ணீருக்குக் காசு? இங்கேதான் நம் ஊர் வரலாறு கைகொடுத்தது. விருதுபட்டியில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலா எப்படி நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பிடியரிசி. வீட்டில் உலை வைக்கிற போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடந்தது. வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமை இன்னொன்று. விருதுநகரிலும் சிவகாசியிலும் பள்ளியும் பொதுக் காரியமும் அந்த மகமையில் எழுந்தன. கண்மாய்ப் பக்கம் போனால் நீர்ப்பாய்ச்சி என்று ஓர் ஆள் இருப்பார். மடை திறப்பதும் தண்ணீர் பங்கு வைப்பதும் அவர் வேலை, அறுப்பில் அவருக்கு ஒரு பங்கு. இவை எதுவும் ஒருநாள் விழா இல்லை. தினம் கொஞ்சம், வருடம் முழுக்க. ஒரு குறையையும் சொல்ல வேண்டும்: மகமை ஒரு சமூகத்துக்குள் தொடங்கிய ஏற்பாடு, நீர்ப்பாய்ச்சிப் பொறுப்பும் குறிப்பிட்ட குடிகளுக்கு என்றே இருந்தது. நிழலுக்கு அந்த வேலி கிடையாது. நல்லதை எடுத்துக்கொண்டோம், வேலியை விட்டுவிட்டோம்.

எங்கள் தெருவில் இப்போது 42 வீடு மாதம் நூறு ரூபாய் தண்ணீர் மகமை கொடுக்கிறது. கொடுக்க முடியாத வீட்டிலிருந்து ஞாயிறன்று ஒரு குடம் தண்ணீர் வரும். குழாய்த் தண்ணீரே நாள் விட்டு நாள் விட்டு வருகிற ஊரில் ஒரு குடம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இரண்டே பத்தி: 'நட்டது', 'இருப்பது'. இன்றைய தேதியில் நட்டது 246, இருப்பது 158.

உலகத்தில் எங்கே இந்த வேலை நிலைத்திருக்கிறது என்று பார்த்தாலும் இதே கதைதான். கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977 ஜூன் 5 அன்று நைரோபியில் ஏழு மரம் நட்டுத் தன் இயக்கத்தைத் தொடங்கினார். அவற்றில் பிழைத்தவை இரண்டு. அதிலிருந்து பாடம் படித்த இயக்கம், கிராமத்துப் பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தபோது, பிழைத்த கன்றுக்குத்தான் கொடுத்தது. 2004-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் சாலுமரத திம்மக்கா, பிள்ளை இல்லாத துயரத்தில் கணவரோடு சேர்ந்து ஹுலிகல்–குதூர் சாலையில் ஆலங்கன்றுகள் வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா குடம் குடமாகச் சுமந்து ஊற்றி, முள் அடைத்துக் காத்து, 385 மரங்களை ஆளாக்கினார்.

நம் தமிழ்நாட்டில் சென்னையில் 'நிழல்' அமைப்பினர் கோட்டூர்புரத்தில் குப்பை கொட்டிய ஆற்றோர இடத்தை 2006 முதல் வாராவாரம் உழைத்து மரப் பூங்காவாக்கினார்கள். திருப்பூரில் 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' பல லட்சம் கன்று வைத்திருக்கிறது. வேலியும் தண்ணீர் வசதியும் இருக்கிற இடமாகப் பார்த்து வைக்கிறார்கள். நம் கோவில்பட்டிப் பக்கத்து மண்ணில் பிறந்த நடிகர் விவேக், கலாம் அய்யா சொல்லைத் தலைமேல் ஏற்று ஊர் ஊராக மரம் நட்டார். 2021 ஏப்ரலில் அவர் மறைந்தபோது அவர் நினைவாக எத்தனையோ பேர் கன்று வைத்தார்கள். அந்த அன்பு பெரிது. அந்தச் சித்திரை வெயிலில் வைத்த கன்றுகளுக்கு யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்பதுதான் என் கவலை.

2022-இல் நம் அரசும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கி, 33 சதவீதப் பசுமைப் பரப்பை இலக்காக வைத்திருக்கிறது. நல்ல இலக்கு. இப்போது பல ஊர்களில் சாலையோரக் கன்றுகளுக்கு நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்கிறேன். அடுத்த முறை அவர்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி ஒரு வார்த்தை நன்றாகப் பேசிவிட்டுப் போங்கள். நாளைக்கு வரலாறு எழுதுகிறவன் அவர்களை எழுத மாட்டான், என்னைப் போல.

சரி, 1996 பேட்ச் பிள்ளைகளே. உங்கள் ஆயிரம் கன்றுக்கு நான் வர மாட்டேன். ஐம்பதுக்கு வருகிறேன்.

மே மாதம் சந்திப்பு அன்று குழி மட்டும் வெட்டுவோம். வெயிலுக்கு முன் காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தால் எட்டரைக்கு முடிந்துவிடும். நான் ஒரு குழி வெட்டுகிறேன். ஐப்பசியில் மழை விழுந்ததும் உள்ளூரில் இருக்கிறவர்கள் கன்று வையுங்கள். வெளியூர், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் மூன்று வருடத் தண்ணீர் மகமையை ஏற்றுக்கொள்ளுங்கள். மாதம் நூறு ரூபாய். விழாப் பந்தலுக்கும் பேனருக்கும் எடுத்து வைத்த பணத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிவிடலாம். தண்ணி வண்டித் தம்பி டீசல் காசு மட்டும் போதும் என்கிறான்.

போட்டோ எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது கோடை முடிந்து, 2029 ஐப்பசியில் எடுப்போம். நான் இருந்தால் வந்து நடுவில் நிற்கிறேன். இல்லாவிட்டால், அந்தச் சத்துணவு அம்மா இப்போதும் பள்ளிக்குப் பின்தெருவில்தான் இருக்கிறார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனால் என்னைவிட நன்றாக நடக்கிறார். அவரைக் கூப்பிட்டு நிற்க வையுங்கள்.

வருகிறேன் என்பவர்கள் கீழே உங்கள் பேரையும், எந்தக் கிழமை தண்ணீர் ஊற்றுவீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'சூப்பர் சார்' என்று மட்டும் எழுதினால் அரை மதிப்பெண்தான்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்